கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே: தலைவர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் யாருக்கு எவ்வளவு நேரம்?

2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய மாதங்களில் சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் ஒரே மேடையில் விவாதிப்பார்களா என்பது தென்னிலங்கை ஊடகங்களில் வாரக்கணக்காக ஓடிய கதை. திகதிகள் முன்வைக்கப்பட்டன. ஒரு தரப்பு சொன்ன திகதி மறு தரப்புக்குப் பொருந்தவில்லை. சவால்களும் பதில் சவால்களும் தலைப்புச் செய்திகளாகின. இறுதியில் அந்த நேருக்கு நேர் விவாதம் நடக்கவேயில்லை.

வடக்கு, கிழக்கில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறொரு கேள்வி இருந்தது. அந்த விவாதம் நடந்திருந்தால், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எத்தனை நிமிடம் பேசப்பட்டிருக்கும்? படையினர் வசமுள்ள காணிகள் பற்றிய கேள்வியை யார் கேட்டிருப்பார், எந்த மொழியில் கேட்டிருப்பார்? சொல்லப்பட்ட பதில் சரியில்லை என்று அந்த இடத்திலேயே மறுத்துப் பேச மேடையில் யார் நின்றிருப்பார்?

தலைவர்களின் விவாதம் என்றதும் "யாருக்கு அதிக நேரம் கொடுத்தார்கள்" என்பதில்தான் சண்டை தொடங்கும். ஆனால் பல பத்தாண்டுகளாக இந்த விவாதங்களை நடத்திவரும் நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால், கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நியாயமும் அநியாயமும் பெருமளவுக்கு முடிவாகிவிடுகின்றன என்பது தெரியும். யாரை அழைப்பது, கேள்வியை யார் எழுதுவது, எந்த மொழியில் நடத்துவது, வராதவரை என்ன செய்வது ஆகிய நான்கு முடிவுகளும் விநாடிகளைவிடப் பெரியவை.

சம நேரம், சம நியாயமா?

முதலில் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பிரான்சில் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் எஞ்சியிருக்கும் இரு வேட்பாளர்களும் விவாதிக்கும் வழக்கம் 1974இல் தொடங்கியது. அங்கே ஒவ்வொருவரும் இதுவரை எவ்வளவு நேரம் பேசியிருக்கிறார் என்பதைக் காட்டும் கடிகாரம் திரையிலேயே ஓடும். ஒருவர் முந்திவிட்டால் நெறியாளர் மற்றவருக்கு ஈடுசெய்வார். பார்ப்பவர் எவரும் கணக்கைச் சரிபார்க்கலாம்.

அமெரிக்காவில் வழி வேறு. 2020 செப்டெம்பரில் டொனால்ட் ட்ரம்ப், ஜோ பைடன் இருவருக்கும் இடையில் நடந்த முதல் விவாதம் இடைமறிப்புகளால் குழம்பிப்போனது. அடுத்து ஒக்டோபரில் நடந்த விவாதத்தில், ஒருவர் தன் முதல் இரண்டு நிமிடங்களைப் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி அணைக்கப்பட்டது. 2024 ஜூன் 27இல் சிஎன்என் நடத்திய விவாதத்தில் இது மேலும் இறுக்கப்பட்டது. பதிலுக்கு இரண்டு நிமிடம், மறுப்புக்கு ஒரு நிமிடம், முறை வராதவரின் ஒலிவாங்கி மௌனம், அரங்கில் பார்வையாளர்கள் இல்லை.

பிரித்தானியாவில் 2024 ஜூன் 4இல் ஐரிவி நடத்திய ரிஷி சுனக் - கியர் ஸ்டார்மர் விவாதத்தில் பதிலுக்கு 45 விநாடிகளே கொடுக்கப்பட்டன. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலையும் குடிவரவையும் 45 விநாடிக்குள் விளக்கச் சொன்னால் மிஞ்சுவது சுலோகங்கள்தான் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது.

இந்த விமர்சனம் நமக்கு மிக நெருக்கமானது. குறுகிய நேரம் எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. இருப்பதை அப்படியே வைத்திருக்க விரும்புபவருக்குச் சில விநாடிகள் போதும். இருப்பது ஏன் தவறு என்று விளக்க வேண்டியவருக்கு நிமிடங்கள் தேவை. "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்று சொல்ல மூன்று விநாடி போதும். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் எழுதப்பட்ட காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏன் இன்றுவரை மாகாணங்களின் கைக்கு வரவில்லை என்று சொல்ல மூன்று நிமிடமும் போதாது. இருவருக்கும் 45 விநாடி கொடுத்தால் கணக்கு சமம்தான். ஆனால் அந்தச் சமம் ஒருவருக்கு மட்டுமே உதவுகிறது.

ஆகவே விவாதத்தின் வடிவம் நடுநிலையான பாத்திரம் அல்ல. எந்த வகைப் பேச்சு அதற்குள் அடங்கும், எது வெளியே வழியும் என்பதை அந்தப் பாத்திரமே தீர்மானிக்கிறது.

யாரை அழைப்பது?

அமெரிக்காவில் 1987இல் இரு பெரிய கட்சிகளின் தலைவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஆணைக்குழுதான் நீண்ட காலம் ஜனாதிபதி விவாதங்களை நடத்தியது. 1992இல் சுயேட்சை வேட்பாளரான ரொஸ் பெரோவும் மேடையில் நின்றார். ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றார். நான்கு ஆண்டுகளின் பின் அவர் அழைக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து தேசியக் கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 15 சதவீத ஆதரவு வேண்டும் என்ற விதி வந்தது. அதன் பின் அந்த ஆணைக்குழு நடத்திய எந்த ஜனாதிபதி விவாதத்திலும் மூன்றாம் நபர் நின்றதில்லை. மேடையில் ஏறினால்தான் மக்களுக்குத் தெரியவரும். மக்களுக்குத் தெரிந்தால்தான் 15 சதவீதம் கிடைக்கும். பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை இது.

நாடு முழுவதும் போட்டியிடாத, ஆனால் ஒரு பிரதேசத்தில் முதன்மையான கட்சியை என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் பிரித்தானியாவும் கனடாவும் எதிர்கொண்ட விதம் நமக்குப் பாடம்.

பிரித்தானியாவில் பிரதமர் வேட்பாளர்களின் முதல் தொலைக்காட்சி விவாதங்கள் 2010இல்தான் நடந்தன. கோர்டன் பிரவுண், டேவிட் கமரூன், நிக் கிளெக் ஆகிய மூவர் மட்டும் மேடையில் நின்றனர். அப்போது ஸ்கொட்லாந்தில் ஆட்சியில் இருந்தது ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி. தான் இல்லாத விவாதத்தை ஸ்கொட்லாந்து மக்களுக்கு ஒளிபரப்பக் கூடாது என்று அக்கட்சி எடின்பரோவில் நீதிமன்றம் சென்றது, தோற்றது.

ஐந்து ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2015 தேர்தலுக்கு ஒளிபரப்பாளர்கள் முதலில் வகுத்த திட்டத்திலும் ஸ்கொட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ இடமிருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது. பசுமைக் கட்சி இல்லாமல் தான் வரமாட்டேன் என்றார் பிரதமர் கமரூன். இறுதியில் 2015 ஏப்ரல் 2இல் ஐரிவி மேடையில் ஏழு பேர் நின்றனர். ஸ்கொட்லாந்தின் நிக்கோலா ஸ்டேர்ஜன், வேல்ஸின் லியன் வூட் ஆகிய இருவரின் கட்சிகளும் இங்கிலாந்தில் ஒரு தொகுதியில்கூடப் போட்டியிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் பிரதமருக்குக் கிடைத்த அதே ஒரு நிமிடம் அவர்களுக்கும் கிடைத்தது. அந்தத் தேர்தலில் ஸ்கொட்லாந்தின் 59 ஆசனங்களில் 56ஐ ஸ்டேர்ஜனின் கட்சி வென்றது.

அங்கும் எல்லோரும் திருப்தியடையவில்லை. வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சிக்கு அப்போது 8 ஆசனங்கள் இருந்தன. ஸ்கொட்லாந்து தேசியக் கட்சிக்கு 6, வேல்ஸின் பிளைட் கம்ரிக்கு 3. ஆனாலும் 8 வைத்திருந்த கட்சி அழைக்கப்படவில்லை. வட அயர்லாந்தின் கட்சி அமைப்பே வேறு. ஒருவரை அழைத்தால் அங்குள்ள மற்றவர்களையும் அழைக்க வேண்டும் என்பது ஒளிபரப்பாளர்களின் வாதம். எந்த அளவுகோலை எடுத்தாலும் அதன் விளிம்பில் ஒருவர் வெளியே நிற்பார். அந்த அளவுகோல் முன்கூட்டியே எழுதப்பட்டதா, ஆள் பார்த்து வளைக்கப்பட்டதா என்பதே பார்க்க வேண்டியது.

கனடா இதைக் கட்சிகளிடமும் தொலைக்காட்சி நிறுவனங்களிடமும் விடாமல், 2018இல் தலைவர்களின் விவாதங்களுக்கெனத் தனி ஆணைக்குழுவை அமைத்தது. 2025 தேர்தலுக்கு அது வைத்த விதிகள் மூன்று: கட்சியின் சார்பில் தெரிவான ஒரு உறுப்பினராவது பாராளுமன்றத்தில் இருக்க வேண்டும், தேசிய அளவில் குறைந்தது 4 சதவீத ஆதரவு வேண்டும், குறைந்தது 90 சதவீதத் தொகுதிகளில் வேட்பாளர்கள் வேண்டும். மூன்றில் இரண்டைப் பூர்த்தி செய்தால் போதும்.

இந்த "மூன்றில் இரண்டு" என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிடும் புளொக் கியூபெக்குவா கட்சியால் மூன்றாவது விதியை ஒருபோதும் பூர்த்தி செய்ய முடியாது. ஆனால் முதல் இரண்டும் அதற்கு உண்டு. நாட்டிலிருந்து கியூபெக் பிரிந்து செல்ல வேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்ட அந்தக் கட்சி, முழு நாட்டுக்கும் ஒளிபரப்பாகும் பிரெஞ்சு, ஆங்கில விவாதங்கள் இரண்டிலும் பிரதமருக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறது. 1993இல் 54 ஆசனங்களை வென்று அது பிரதான எதிர்க்கட்சியாகவும் இருந்தது.

இந்த இடத்தில் நமது வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. 1977இல் 18 ஆசனங்களுடன் தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியானது; அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983இல் 6ஆவது திருத்தம் வந்தது. அது கோரிய சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த அந்த உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் தமது ஆசனங்களை இழந்தார்கள். ஒரு நாடு தனக்குப் பிடிக்காத கருத்துக்கு ஒலிவாங்கி கொடுத்தது. இன்னொரு நாடு அதனை அணைத்தது. பின்னர் இரு நாடுகளிலும் என்ன நடந்தது என்பதை இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வியை எழுதுபவர் யார்?

மேடையில் இடம் கிடைத்துவிட்டால் போதாது. 2021 செப்டெம்பர் 9இல் நடந்த கனடாவின் ஆங்கில விவாதத்தில் நெறியாளர் புளொக் கியூபெக்குவா தலைவர் இவ் பிரான்சுவா பிளான்ஷேயிடம் முதல் கேள்வியைக் கேட்டார். அரச பணியில் உள்ள ஆசிரியர், பொலிஸார் போன்றோர் மத அடையாளங்களை அணிவதைத் தடுக்கும் கியூபெக் சட்டமும், பிரெஞ்சு மொழி தொடர்பான சட்டமூலமும் பாரபட்சமானவை என்று கேள்வியிலேயே சொல்லப்பட்டது. அவற்றை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்பதே கேள்வி.

கியூபெக் கொதித்தது. தங்கள் மக்களையே இனவாதிகள் என்று சொல்லிவிட்டார்கள் என்ற உணர்வு பரவியது. மாகாண சட்டமன்றம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுபுறம், தலைப்பாகை அல்லது ஹிஜாப் அணிவதால் ஆசிரியர் பணிக்குப் போக முடியாத கியூபெக்வாசிகளுக்கு அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

இரு பக்கமும் உண்மை உண்டு. ஆனால் வடிவம் பற்றிய பாடம் தெளிவானது. மற்றத் தலைவர்களிடம் "என்ன செய்வீர்கள்" என்று கேட்கும்போது, சிறுபான்மை அரசியலின் பிரதிநிதியிடம் "ஏன் இப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால், அவருடைய நேரம் தற்காப்பிலேயே கரைந்துவிடும். தமிழ்க் கட்சித் தலைவர் ஒருவரிடம் "நாட்டைப் பிரிக்கப் போகிறீர்களா" என்று தொடங்கும் கேள்வி எப்படி முடியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். நிறுத்தற்கடிகாரம் அவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்ததாகக் காட்டும். அவர் சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு விநாடியும் கிடைத்திருக்காது.

இதற்கு ஒரு மாற்றும் உண்டு. 1992 ஒக்டோபர் 15இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் நடந்த விவாதத்தில் யாருக்கு வாக்களிப்பதென்று முடிவு செய்யாத சாதாரண வாக்காளர்கள் கேள்வி கேட்டனர். தேசியக் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டார். ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் தடுமாறினார். அதே விவாதத்தில் அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்த காட்சி இன்றுவரை பேசப்படுகிறது. பில் கிளின்டன் அந்தப் பெண்ணுக்கு அருகில் நடந்துபோய் அவரிடமே பேசினார். ஊடகவியலாளர் எவரும் கேட்டிருக்க முடியாத கேள்வி அது.

2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தன் பிள்ளையைப் படையினரிடம் கையளித்த ஒரு தாய், ஜனாதிபதி வேட்பாளர்கள் மூவரையும் நேரே பார்த்து, நேரலையில், "என்ர பிள்ளை எங்கே?" என்று தமிழில் கேட்கும் ஒரு விவாதத்தை நினைத்துப் பாருங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் வருடக்கணக்காகத் தெருவோரம் இருந்த தாய்மாருக்கு இரண்டு நிமிடப் பேச்சு தேவையில்லை. ஒரு கேள்விக்கான இருபது விநாடி போதும். மீதி நேரம் பதில் சொல்ல வேண்டியவர்களுடையது.

எந்த மொழியில்?

கனடாவில் விவாதம் இரண்டு. ஒன்று பிரெஞ்சில், மற்றது ஆங்கிலத்தில். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு அல்ல. கேள்விகளும் நெறியாளரும் வேறு. பிரெஞ்சு பேசும் மக்களின் கவலைகளை அவர்களின் ஊடகவியலாளர் கேட்கிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த தலைவர் அங்கே தடுமாறினால் அது அவருடைய பலவீனமாகவே கணிக்கப்படும்.

இலங்கையில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆனால் தலைவர்களின் விவாதம் என்று நாம் பேசும்போதெல்லாம் மனதில் இருப்பது சிங்களத்தில் நடக்கும் ஒன்று. தமிழ் வாக்காளருக்குக் கிடைப்பது மறுநாள் பத்திரிகையில் வரும் சுருக்கம். உடனடி மொழிபெயர்ப்பு இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் குரல் எப்போதும் சில விநாடி பின்னால் வரும். ஒலிவாங்கி அணைந்த பின் வரும் அந்த விநாடிகள் துண்டிக்கப்பட்டால், சட்டத்தில் சம நேரம் இருக்கும், செவியில் இருக்காது.

வராதவருக்கு என்ன?

போட்டியில் முன்னணியில் இருப்பவருக்கு விவாதத்தால் கிடைக்கும் இலாபம் குறைவு, இழப்பு அதிகம். 1980இல் மூன்றாம் வேட்பாளர் ஒருவர் அழைக்கப்பட்டதால் ஜிம்மி கார்ட்டர் அந்த விவாதத்துக்கு வரவில்லை. 2017இல் பிரதமர் தெரேசா மே பிபிசி விவாதத்துக்குத் தன் அமைச்சரை அனுப்பினார். 2019 நவம்பரில் காலநிலை பற்றிய விவாதத்துக்குப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் வரவில்லை. இறுதிப் போர் பற்றிய ஆவணப்படத்தால் நம்மவர்கள் நன்கு அறிந்த சனல் 4தான் அதை நடத்தியது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் உருகும் பனிக்கட்டிச் சிற்பம் ஒன்றை வைத்தார்கள். ஆளுங்கட்சி முறையிட்டது, ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் முறைப்பாட்டை ஏற்கவில்லை.

அதே மாதத்தில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஜோன்சனும் ஜெரமி கோபினும் மட்டும் பங்கேற்ற ஐரிவி விவாதத்தில் தங்களைச் சேர்க்கவில்லை என்று லிபரல் ஜனநாயகக் கட்சியும் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சியும் லண்டன் உயர் நீதிமன்றம் சென்றன. ஐரிவி அந்த விவாதத்தை நடத்துவது சட்டரீதியான பொதுப்பணி அல்ல. ஆகவே நீதிமன்றம் தலையிட முடியாது என்று தீர்ப்பு வந்தது. தனியார் நிறுவனங்களின் கையில் விட்டால், முறையிடும் வாசலும் சுருங்கிவிடும் என்பதே இதன் பொருள்.

நமக்கு எந்த அளவுகோல்?

2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்று ஐந்தாம் இடத்துக்கு வந்தார். நாடளாவிய கணக்கில் இது 2 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்காவின் 15 சதவீத விதியோ கனடாவின் 4 சதவீத விதியோ இங்கே இருந்தால், அவருக்கு மேடையில் இடமில்லை. ஆனால் அந்த வாக்குகளில் மிகப் பெரும்பாலானவை வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவை. அங்கு மட்டும் அளந்தால் அவர் முதன்மை வேட்பாளர்களில் ஒருவர். பிரதேச ஆதரவையும் ஒரு தகுதியாக ஏற்கும் விதி எழுதப்படாவிட்டால், எண்ணிக்கையில் சிறிய ஒரு மக்கள் கூட்டம் எப்போதும் வெளியேதான் நிற்கும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே தேர்தலில் சஜித் பிரேமதாச உட்படத் தென்னிலங்கை வேட்பாளர்களுக்கும் பெருமளவு தமிழர்கள் வாக்களித்தார்கள். இரண்டு மாதங்களின் பின் நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐ தேசிய மக்கள் சக்தி வென்றது. ஆகவே மேடையில் ஒரு தமிழருக்கு இடம் கொடுத்துவிட்டால் தமிழருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று கணக்கை மூட முடியாது. மலையகத் தமிழரின் காணி உரிமையையும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கேள்வியையும், போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் கேள்வியையும் அந்த ஒருவரே சுமக்க முடியாது. இதனால்தான் மேடையில் ஓர் ஆசனத்தைவிடக் கேள்வி எழுதும் பேனா முக்கியமாகிறது.

நமது அரசியலமைப்பின் 104ஆ(5) உறுப்புரை, தேர்தல் காலத்தில் ஒலி, ஒளிபரப்பாளர்களுக்கு வழிகாட்டல்களை வழங்கும் அதிகாரத்தைத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குத் தருகிறது. ஆகவே தொடங்குவதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. அழைப்புக்கான விதியைத் தேர்தலுக்கு வெகு முன்பே எழுதி வெளியிடுவது, பிரதேச ஆதரவையும் அதில் சேர்ப்பது, தமிழில் தமிழ் ஊடகவியலாளர் நடத்தும் தனி விவாதம், இரு விவாதங்களுக்கும் இரு மொழிகளிலும் உடனடி மொழிபெயர்ப்பு, பாதிக்கப்பட்ட மக்கள் நேரே கேள்வி கேட்கும் பகுதி, யார் எவ்வளவு பேசினார் என்ற கணக்கை மறுநாள் வெளியிடுவது ஆகியவற்றைச் சிவில் அமைப்புகளும் ஊடகங்களும் இப்போதே கேட்கலாம். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் கேட்டால், முன்னணியில் இருப்பவர் தனக்கேற்ற வடிவத்தையே பேரம் பேசுவார்.

ஒரு விவாதம் வாக்குகளை மாற்றிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2010இல் முதல் விவாதத்தின் பின் கருத்துக்கணிப்புகளில் வேகமாக உயர்ந்த நிக் கிளெக்கின் கட்சி, தேர்தலில் முன்பிருந்த 62 ஆசனங்களிலிருந்து 57க்கு இறங்கியது. விவாதம் தருவது வேறொன்று: பதிவு. யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு, மாத்தறையில் ஒரு பேச்சு என்பது இந்த நாட்டின் தேர்தல் மேடைகளில் பழகிப்போன ஒன்று. இரு மொழியிலும் ஒரே நேரத்தில், ஒரே கேள்விக்கு, இரு பக்க மக்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லப்படும் பதிலை அப்படி மாற்றிச் சொல்ல முடியாது. மாற்றினால், அந்த ஒளிநாடா எந்தத் தாயின் கைப்பேசியிலும் இருக்கும்.